பச்சை மண்ணிலேயே தட்டிப் பார்ப்போம்!

(கணினிப் பொறியியல், மூன்றாம் ஆண்டு)

கணினிக்குப் புகைபோக்கி உண்டா என்று யாராவது கேட்டால் நாம் சிரிப்போம். சூளைக்கு உண்டு, ரைஸ் மில்லுக்கு உண்டு, லாரிக்குக்கூட உண்டு. ஏ.சி. அறையில் உட்கார்ந்து விசைப்பலகையைத் தட்டுகிறவனுக்கு ஏது புகை? ஆனால் அன்பு நண்பர்களே, அந்தப் புகைபோக்கி இருக்கிறது. நம் விருத்தாசலத்துக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குள், நெய்வேலியில் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பஸ்ஸில் கடலூர் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

மூன்று ஆண்டுகளாக நாம் நிரல் எழுதப் படிக்கிறோம். எழுதிய நிரலைச் சோதிக்கவும் படிக்கிறோம். நம்மில் பலருக்கு முதல் வேலையே சாஃப்ட்வேர் டெஸ்டிங்காகத்தான் இருக்கும். அந்தச் சோதனைக்கு எவ்வளவு கரண்ட்டு ஆகிறது, அந்தக் கரண்ட்டு எங்கிருந்து வருகிறது என்று எந்தப் பாடத்திலும் ஒரு கேள்விகூட வந்ததில்லை. இந்த மலரின் பக்கங்களிலாவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரே குழி

1935-ஆம் ஆண்டு ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது கறுப்பாக ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962-ல் சோவியத் ரஷ்யாவின் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. 600 மெகாவாட் திறன் கொண்ட அந்தப் பழைய நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. அதற்குப் பதிலாகப் புதிய நிலையம் வந்து ஓடுகிறது.

அதே சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அகற்றும்போது களிமண்ணும் கிடைக்கிறது. நம்ம ஊரில் பீங்கான் தொழில் காலூன்றியதற்கு அந்தக் களிமண் ஒரு பெரிய காரணம். ஊறுகாய் ஜாடி, டீ கப், கரண்ட்டு கம்பத்தில் இருக்கும் இன்சுலேட்டர், ஃப்யூஸ் கட்டை, கொலு பொம்மை எல்லாம் இங்கே சுட்டு வெளியூருக்குப் போகின்றன. யோசித்துப் பாருங்கள்: செராமிக் துறை நண்பன் பிசையும் மண்ணும், கணினித் துறை நான் செலவழிக்கும் கரண்ட்டும் ஒரே குழியிலிருந்து வருகின்றன. மின்தொகுப்பில் காற்றாலை, சூரிய ஒளி, கல்பாக்கம் எல்லாம் கலந்துதான் வருகிறது, உண்மைதான். ஆனாலும் நமக்குப் பக்கத்தில் எரிவது இதுதான்.

அந்தக் குழிக்கு ஒரு விலை இருக்கிறது. ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். அடியிலிருந்து பீறிடும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைக்க வேண்டும். சுரங்கம் விரிய விரிய ஊர்கள் இடம் பெயர்கின்றன. 2023 ஜூலை மாதம் மேல்வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிர் மேல் இயந்திரங்கள் ஏறிக் கால்வாய் வெட்டியதை நாம் டி.வி.யில் பார்த்தோம். 2020 மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். அவர்கள் நம் மாவட்டத்து மனிதர்கள்.

நெய்வேலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் நாம் படித்தோம். ஆனால் இவ்வளவு விலை கொடுத்து வரும் கரண்ட்டை வீணாக்க நமக்கு உரிமை இல்லை என்கிறேன்.

ஒரு யூனிட், ஒரு கிலோ

கணக்கை எளிதாக்கிக்கொள்வோம். நெய்வேலி நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ நிலக்கரி எரிய வேண்டும். இந்திய மின்தொகுப்பு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது.

இப்போது 40 கணினி உள்ள ஒரு லேபை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியும் திரையும் சேர்ந்து சும்மா நின்றாலே 50 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். சாயங்காலம் 6 மணிக்கு அணைக்காமல் விட்டால் மறுநாள் காலை 9 மணி வரை 15 மணி நேரம். மொத்தம் 30 யூனிட். அதாவது 30 கிலோ நிலக்கரி. மாதம் 25 இரவு இப்படிப் போனால் முக்கால் டன். அதை எடுக்க வெட்டிய மண் நாலு கன மீட்டர். இவ்வளவும் ஒருத்தரும் உட்காராத நாற்காலிகளுக்கு முன்னால்!

ஒரு லேபுக்கே இந்தக் கணக்கு என்றால் உலகத்துக்கு? 2024-ஆம் ஆண்டில் உலகத்தின் டேட்டா சென்டர்கள் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் செலவழித்தன என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. உலகம் செலவழித்த மொத்த மின்சாரத்தில் இது ஒன்றரை சதவீதம். 2030-க்குள் இது இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்றும் அதே முகமை சொல்கிறது. நம் மென்பொருளைச் சோதிக்கும் சர்வர்களும் அந்த டேட்டா சென்டர்களில்தான் இருக்கின்றன. சென்னை அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அவை எழும்பி நிற்கின்றன. கரண்ட்டு மட்டுமா? சர்வரைக் குளிரவைக்கத் தண்ணீரும் வேண்டும். 2019 ஜூனில் சென்னையில் தண்ணீர் இல்லாமல் பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள்.

"ரெண்டு தடவை ரீ-ரன் குடு, தம்பி!"

சோதனையில் அப்படி என்ன வீண் என்று கேட்கலாம். இன்றைய முறை இப்படி: பத்துப் பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதுகிறார்கள். யாராவது ஒருவர் ஒரு வரியை மாற்றிச் சேர்த்தால் போதும். எங்கோ ஒரு சர்வர் கண் விழித்து, மென்பொருள் முழுவதையும் மறுபடி கட்டி, இருக்கிற எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து ஓட்டும். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் அதே கதைதான்.

நான் பயிற்சிக்குப் போன ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு சோதனை சிவப்பு காட்டும். ஏன் என்று யாரும் பார்ப்பதில்லை. பக்கத்து நாற்காலி அண்ணன் சொன்னார்: "ரெண்டு தடவை ரீ-ரன் குடு தம்பி, தானா பச்சை ஆயிடும்." ஆனதுங்க! அதுதான் வேடிக்கை. நிரல் மாறவில்லை, ஆனால் ஒரு தடவை தோல்வி, ஒரு தடவை வெற்றி. இதற்கு 'ஃப்ளேக்கி டெஸ்ட்' என்று பெயர். காத்திருக்கும் நேரம் போதாமை, ஒரு சோதனை விட்டுப்போன தரவு இன்னொன்றைக் கெடுப்பது, நெட் மெதுவாக இருப்பது, இப்படிப் பல காரணங்கள். கூகுள் நிறுவனமே 2016-ல், தங்கள் சோதனைகளில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இந்த நோய் ஏதோ ஓர் அளவில் உண்டு என்று எழுதியது. அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால் மற்ற இடங்களைச் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு ரீ-ரன்னும் எங்கோ கொஞ்சம் கரி.

இன்னும் இருக்கிறது. யாரும் பயன்படுத்தாத வசதிக்கான பழைய சோதனைகளை நீக்க ஆளில்லை. சனி, ஞாயிறு முழுக்க ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் சோதனைச் சர்வர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வீடியோ எடுத்து, யாரும் திறக்காமல் வருடக்கணக்கில் சேர்த்துவைப்பது. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நிமிஷத்தில் ஆயிரம் சோதனை எழுதிக் கொடுத்துவிடுகிறது. எழுதியது நிமிஷம், ஓட்டுவது வருஷம்!

சூளை சொல்லும் பாடம்

எங்க அப்பா பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்க்கிறவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். நான் படிக்கும் டெஸ்டிங் என்றால் என்ன என்று அப்பாவுக்கு விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "உள்ள போறதுக்கு முன்னாடி பாக்குறதுதாம்ப்பா வேலை. வெளிய வந்த பிறகு பாக்குறது வெறும் கணக்கு."

அப்பா சொன்னதை நினைத்துப் பார்க்கப் பார்க்க, கணினித் துறை இன்று தேடிக்கொண்டிருக்கும் வழி நம்ம ஊர்ச் சூளையில் ஏற்கெனவே இருக்கிறது என்று தோன்றுகிறது.

முதலாவது, பச்சை மண்ணிலேயே பார்ப்பது. சுடாத கப்பில் கீறல் இருந்தால் உடைத்துத் தண்ணீரில் போட்டு மறுபடி களிமண்ணாக்கலாம். நஷ்டம் ஒன்றுமில்லை. சுட்ட பிறகு கண்டுபிடித்தால் அது சில்லு. மண்ணும் போச்சு, எரிபொருளும் போச்சு. மென்பொருளிலும் அப்படியே. நிரல் எழுதுகிறவர் தன் கணினியிலேயே இரண்டு நொடியில் ஓட்டிப் பார்க்கும் சின்னச் சோதனை பிழையைப் பிடித்துவிட்டால், இருபது சர்வர் கண் விழிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது, தட்டிப் பார்ப்பது. சுட்ட கப்பை விரலால் சுண்டினால் கணீர் என்று வந்தால் நல்லது. மொத்தென்று வந்தால் உள்ளே விரிசல். செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது பிறகு. மென்பொருளிலும் வேகமான சோதனைகளை முன்னால் ஓட்டி, ஒன்று தோற்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். தோற்றது தெரிந்த பிறகும் மீதி மூவாயிரத்தை ஓட்டி யாருக்கு என்ன லாபம்?

மூன்றாவது, கூம்பு. 1886-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் சேகர் கண்டுபிடித்த சின்னக் கூம்பு அது. சூளைக்குள் வைத்தால் குறிப்பிட்ட வெப்பம் ஏறியதும் தலை சாய்க்கும். சுண்டுவிரல் அளவுக் கூம்பு ஒரு சூளையின் நிலவரத்தையே சொல்லிவிடுகிறது. அதுபோல, மாறிய நிரல் எந்தெந்தப் பகுதியைத் தொடுகிறது என்று கண்டு, அதற்குரிய சோதனைகளை மட்டும் ஓட்டும் கருவிகள் இன்று இருக்கின்றன. முழுச் சோதனையை நாளுக்கு ஒரு முறை ஓட்டினால் போதும்.

நான்காவது, சூளை நிறைந்த பிறகே மூட்டுவது. நாலு கப்புக்காக யாரும் சூளை மூட்ட மாட்டார்கள். ஆனால் மென்பொருளில் மூட்டுகிறோம்! சின்னச் சின்ன மாற்றங்களைச் சேர்த்து ஒரே ஓட்டமாகச் சோதிக்கலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு. முழுச் சோதனை ஒன்றுக்கு 4 யூனிட் என்று வையுங்கள். ஒரு நாளில் 30 மாற்றங்கள். எல்லாவற்றுக்கும் முழுச் சோதனை என்றால் 120 யூனிட். அதில் 20 மாற்றத்துக்குக் கால்வாசிச் சோதனை போதும் என்றால் 20 யூனிட். மீதி 10-க்கு 40 யூனிட். மொத்தம் 60. சரிபாதி மிச்சம், தரம் குறையாமல்!

நம்ம விருத்தகிரீஸ்வரர் கோயில் கோபுரத்தைப் பாருங்கள். அடி அகலம், மேலே போகப் போகக் குறுகல், உச்சியில் சில கலசங்கள். சோதனைகளும் அப்படி இருக்க வேண்டும் என்பார்கள்: அடியில் ஏராளமான சின்னச் சோதனைகள், உச்சியில் பிரவுசரையே திறந்து முழுவதையும் பார்க்கும் கனமான சோதனைகள் சில. பல இடங்களில் கோபுரத்தைத் தலைகீழாக நட்டுவைத்திருக்கிறார்கள்.

சோதனையைக் குறைப்பதா?

"அப்படியானால் டெஸ்டிங்கைக் குறைக்கச் சொல்கிறாயா?" என்று சண்டைக்கு வரலாம். இல்லவே இல்லை! சோதிக்காமல் விட்டால் வரும் நாசம் இன்னும் பெரிது.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகாமல் வெடித்தது. ஏரியான்-4-ல் நன்றாக ஓடிய நிரலை அப்படியே எடுத்து வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் பாதைக்கு ஏற்றபடி சோதிக்கவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு குறைபாடான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு பிழையால் வீணான பயணங்கள், எரிபொருள், மனித உழைப்பு எல்லாவற்றையும் கணக்குப் பாருங்கள். ஒரு சரியான சோதனை அதைத் தடுத்திருக்கும்.

ஆக, குறைய வேண்டியது வீண் ஓட்டம். கூட வேண்டியது யோசனை. எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு. பட்டனை அமுக்குகிற வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளும் காலத்தில், டிப்ளமோ படித்த நமக்கு இது பிழைப்பின் கேள்வியும்கூட.

ராத்திரியில் ஏன்?

முழுச் சோதனையை ராத்திரியில் ஓட்டுவது பழைய வழக்கம். அந்தக் காலத்தில் பகலெல்லாம் ஆட்கள் கணினியைப் பயன்படுத்துவார்கள். ராத்திரியில்தான் இயந்திரம் சும்மா கிடக்கும். இன்று கிளவுடில் எந்த நேரமும் சர்வர் கிடைக்கும். வழக்கம் மட்டும் மாறவில்லை.

இந்தியாவில் சூரிய மின்சாரம் கிடைப்பது நண்பகலில். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் அமைந்த நிலையம் மட்டுமே 648 மெகாவாட். பொழுது சாய்ந்தால் அது உறங்கப்போகும். அப்போது அனல்மின் நிலையம்தான் தோள் கொடுக்க வேண்டும். நம் பக்கத்துச் சர்வர்களில் ஓட்டும் கனமான, அவசரமில்லாத சோதனையைப் பகல் 11 மணியிலிருந்து 3 மணிக்குள் ஓட்டினால் அதே வேலைக்குப் புகை குறைவு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளும் சுழலும். அந்த மாதங்களில் ராத்திரியும் பரவாயில்லை. இப்படி மின்தொகுப்பின் நிலவரம் பார்த்து வேலையைத் தள்ளிப்போடும் கருவிகளும் வந்துவிட்டன.

அளந்து பார்க்கவும் வழி இருக்கிறது. 2021-ல் தொடங்கிய பசுமை மென்பொருள் அறக்கட்டளை ஓர் அளவுமுறையை உருவாக்கியது. 2024-ல் அது ஐ.எஸ்.ஓ. தரமாகவே ஆகிவிட்டது. செலவான மின்சாரம், அந்த மின்சாரத்தின் அழுக்கு, இயந்திரத்தைச் செய்ததில் உண்டான கரியில் நம் பங்கு, இவற்றைச் சேர்த்து, ஒரு பயனாளருக்கு எவ்வளவு அல்லது ஒரு சோதனைக்கு எவ்வளவு என்று வகுப்பது. பிளஸ் டூ கணக்குகூட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் போதும்.

நமக்கென்ன என்பவர்களுக்கு

"இதெல்லாம் பணக்கார நாட்டுக் கவலை. நமக்கு வேலை கிடைச்சாப் போதும்" என்று சில நண்பர்கள் சொல்றாங்க. வேலை வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வீட்டுக் கடன் எனக்கும் தெரியும். ஆனால் யோசியுங்கள். மென்பொருள் கனமானால் முதலில் செத்துப்போவது யாருடைய ஃபோன்? முந்திரிக்கொட்டை உடைத்துச் சம்பாதித்த காசில் எங்க அம்மா வாங்கிய ஏழாயிரம் ரூபாய் ஃபோன்தான். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அது திணறுகிறது. புது மாடல் ஃபோனில் மட்டும் சோதித்துவிட்டு "எல்லாம் நன்றாக ஓடுகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்தது கால்வாசிகூட இல்லை. நாலு வருஷப் பழைய ஃபோனில் ஓடுகிறதா, பேட்டரியை எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பதும் சோதனைதான். அந்தச் சோதனையை நம்மைவிட நன்றாகச் செய்ய யாரால் முடியும்? பழைய ஃபோனின் அருமை நமக்குத்தானே தெரியும்!

ஐந்து கோரிக்கைகள்

நம்ம ஊர்க் கோயிலில் எல்லாமே ஐந்து ஐந்தாக இருக்கும் என்பார்கள். நானும் நம் மாணவர் பேரவைக்கு ஐந்து கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று: மாலையில் லேபைப் பூட்டும்முன் எல்லாக் கணினியையும் அணைக்கும் பொறுப்பை, வாரம் ஒரு வகுப்பு என்று முறை வைத்து நாமே ஏற்போம்.

இரண்டு: ஒவ்வொரு லேபுக்கும் தனி மின்மீட்டர் வைக்க நிர்வாகத்தைக் கேட்போம். மாத யூனிட் கணக்கைப் பேரவைப் பலகையில் எழுதுவோம்.

மூன்று: இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கையில், சோதனைக்கு எவ்வளவு நேரம், எத்தனை ஓட்டம், எவ்வளவு மின்சாரம் என்று ஒரு பக்கம் சேர்ப்போம்.

நான்கு: ஒவ்வொரு புராஜெக்ட்டையும் குறைந்தது ஒரு பழைய ஃபோனிலும் ஒரு பழைய கணினியிலும் ஓட்டிக் காட்டுவோம். ஓரங்கட்டிய கணினிகளைக் காயலான் கடைக்குப் போடும் முன், சோதனைக் கணினியாக உயிர்ப்பிப்போம்.

ஐந்து: செராமிக் மாணவர்களும் கணினி மாணவர்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கு நடத்துவோம். சூளைத் தொழிலாளி ஒருவரை மேடையேற்றி, வீணில்லாமல் சோதிப்பது எப்படி என்று அவர் சொல்லக் கேட்போம்.

இதில் எதற்கும் கோடி ரூபாய் வேண்டாம். முதல் கோரிக்கைக்குக் காசே வேண்டாம், விரல் போதும். நாளை நாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போவோம். அங்கே யாராவது "ரீ-ரன் குடு" என்று சொல்லும்போது, "ஏன் தோத்துச்சுன்னு ஒரு தடவை பாத்துடலாமா அண்ணா?" என்று கேட்கும் முதல் குரல் விருத்தாசலத்துக் குரலாக இருக்கட்டும்.

சிந்திப்போம் நண்பர்களே! பச்சை மண்ணிலேயே தட்டிப் பார்ப்போம்!